சமவெளியில் ஆர்க்கிட் வளர்க்க: வேரைப் பார்த்துத் தொடங்குங்கள்

ஆர்க்கிட்டை எல்லோரும் பூவைப் பார்த்து வாங்குகிறோம். அது சாவதோ வேரில். வாங்கிய பூ இரண்டு மாதம் கம்பீரமாக நிற்கும். அதற்குள் செம்மண்ணும் தொழு உரமும் போட்டு நட்ட வேர் உள்ளே குழைந்துபோயிருக்கும். பூ உதிர்ந்து இலை மஞ்சளாகும்போதுதான் நமக்குத் தெரியவரும். அப்போது செய்வதற்கு அதிகம் மிச்சமிருக்காது.

சென்னை, திருச்சி, மதுரை, யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற வெக்கையான ஊர்களில் மாடியிலோ பால்கனியிலோ முதல் செடி வைக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

1. முதலில், இது ஆர்க்கிட்தானா?

பூ இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிடலாம். வெளிவட்டத்தில் மூன்று, உள்வட்டத்தில் மூன்று என மொத்தம் ஆறு இதழ்கள் இருக்கும். உள்வட்டத்து மூன்றில் ஒன்று மட்டும் மற்ற இரண்டைப் போல இருக்காது. மடிந்தோ, சுருண்டோ, வேறு நிறத்திலோ கீழ்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதை உதடு என்பார்கள். பூவின் நடுவில் தனித்தனி மகரந்தத் தாள்கள் தெரியாது. ஆண் பாகமும் பெண் பாகமும் ஒட்டிப்போய் ஒரே குட்டித் தூணாக நிற்கும். அதன் நுனியில் சின்ன மூடி ஒன்று உண்டு. தீக்குச்சி முனையால் மெல்ல நெம்பினால் மூடி கழன்று, மஞ்சள் நிற மகரந்த உருண்டைகள் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். தூளாகக் கொட்டினால் அது ஆர்க்கிட் இல்லை. இந்தச் சோதனைக்கு உதிரப்போகிற பூவையே எடுங்கள், மகரந்தம் எடுத்த பூ சீக்கிரம் வாடிவிடும்.

குழப்புகிற செடிகள் சில உண்டு. மந்தாரையை ஆர்க்கிட் மரம் என்று சொல்லி விற்பார்கள். அதற்கும் ஆர்க்கிட்டுக்கும் எந்த உறவும் இல்லை. இஞ்சிக் குடும்பத்துப் பூக்களிலும் உதடு மாதிரி ஓர் இதழ் இருக்கும், ஆனால் அவற்றின் இலையைக் கசக்கினால் வாசம் வரும், மகரந்தமும் தூளாகவே இருக்கும்.

2. பூ இல்லாமல் இனம் காண்பது

நர்சரியில் பூ இல்லாத செடிதான் மலிவு. அதனால் இந்தப் பழக்கம் கைவந்தால் பணம் மிச்சமாகும். ஒரு செடிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெயில் என்பதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் செடி எப்படி வளர்கிறது என்று பாருங்கள். ஒரே தண்டு மேலே மேலே போய், இருபுறமும் மாறி மாறி இலை விட்டால் அது ஒற்றைத் தண்டு வகை. வாண்டா, மொகாரா, ஃபெலனாப்சிஸ் எல்லாம் இந்தக் கூட்டம். தண்ணீரைச் சேமித்து வைக்க இவற்றுக்குக் கிழங்கு கிடையாது. ஒவ்வொரு தண்டும் ஓரளவு வளர்ந்து நின்றுவிட்டு, அடியிலிருந்து பக்கத்தில் புது முளை வந்தால் அது பக்கம் பரவும் வகை. டெண்ட்ரோபியம், ஒன்சிடியம், காட்லியா இதில் அடங்கும். இவற்றின் தண்டோ கிழங்கோதான் தண்ணீர்த் தொட்டி. ஒரு நாள் நீங்கள் மறந்தாலும் தாங்கும்.

அடுத்து உருவம்.

டெண்ட்ரோபியம்: கரும்புத் தண்டைச் சிறியதாக்கிய மாதிரி கணுக்களுடன் நிற்கும். தண்டின் மேல் பாதியில் இலைகள் இருக்கும், பூங்காம்பு நுனியை ஒட்டி வரும்.

வாண்டா: வார் போன்ற நீண்ட இலைகள், நடுவில் மடித்தது போலக் குழிந்திருக்கும். இலைகளுக்கு நடுவிலிருந்து பென்சில் பருமனில் வேர்கள் காற்றில் தொங்கும். சில வகைகளில் இலையே பென்சில் மாதிரி உருண்டையாக இருக்கும். அவை முழு வெயில் கேட்பவை.

மொகாரா: வாண்டாவின் கலப்பு. இலை சற்றுக் குட்டை, தண்டு உயரம்.

ஃபெலனாப்சிஸ்: தண்டே தெரியாது. அகலமான, தடித்த, பளபளப்பான நான்கைந்து இலைகள் தட்டையாக விரிந்திருக்கும்.

ஒன்சிடியம்: தட்டையான முட்டை வடிவக் கிழங்கு, அதன் தலையில் மெல்லிய இலைகள்.

காட்லியா: தடித்த தண்டின் தலையில் ஒன்று அல்லது இரண்டு இலை மட்டும், தோல் மாதிரிக் கெட்டியாக.

ஸ்பாதோகுளோட்டிஸ்: தென்னங்கன்றின் முதல் இலை போல மடிப்பு மடிப்பாக இருக்கும். இது மண்ணில் வளரும் ஆர்க்கிட்.

கடைசியாக வேர். மரத்தில் வாழும் ஆர்க்கிட்டுகளின் வேரில் பஞ்சு மாதிரி ஓர் உறை சுற்றியிருக்கும். காய்ந்திருக்கும்போது அது வெள்ளி நிறம். தண்ணீர் பட்டதும் உங்கள் கண்ணெதிரே பச்சையாக மாறும். நுனியில் அரை அங்குலம் மட்டும் எப்போதும் பச்சையாகவோ செம்பழுப்பாகவோ மினுமினுக்கும், வளர்வது அந்த இடம்தான். இந்த நிற மாற்றத்தை நன்றாகப் பார்த்துப் பழகுங்கள். தண்ணீர் பற்றிய பாடம் முழுவதும் அதில் இருக்கிறது.

3. உங்கள் ஊருக்கு எது ஒத்துவரும்

வெக்கையான ஊரில் முதல் செடி டெண்ட்ரோபியமாக இருக்கட்டும். அதிலும் ‘சோனியா’ என்ற ஊதா வெள்ளைக் கலப்பினம் எங்கும் கிடைக்கும், தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பூக்கவும் செய்யும். மண் நிரப்பிய தொட்டிதான் பழக்கம் என்றால் ஸ்பாதோகுளோட்டிஸில் தொடங்குங்கள். தினம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் வீட்டில் மொகாராவும் வாண்டாவும் நன்றாக வரும்.

ஃபெலனாப்சிஸ் சமவெளியில் உயிரோடு இருக்கும், மறுபடி பூப்பதுதான் கடினம். பூங்காம்பு கிளம்ப அதற்குச் சில வாரங்களாவது 26 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சி வேண்டும். சென்னையில் மார்கழி, தை விட்டால் அது கிடைக்காது.

பலரும் ஏமாறுகிற இடம் நோபிலே வகை டெண்ட்ரோபியம். பெயரில் டெண்ட்ரோபியம் இருப்பதால் நம் ஊருக்கு ஆகும் என்று நினைத்து வாங்குவார்கள். அதற்குக் குளிரும் வறட்சியும் சேர்ந்த பனிக்காலம் இல்லாவிட்டால் பூவே வராது. தண்டின் நுனியில் இல்லாமல் கணுவுக்குக் கணு பூ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது நோபிலே. சிம்பிடியம் என்ற ஆர்க்கிட்டும் அப்படித்தான், இரவுக் குளிர் இல்லாத ஊரில் வெறும் புல்லாக நிற்கும்.

4. வாங்கும்போது

விலை ஊருக்கு ஊர் மாறும், இந்திய ரூபாயில் தோராயமாகச் சொல்கிறேன். பூக்கும் அளவு டெண்ட்ரோபியம் ரூ.250 முதல் 500 வரை. ஸ்பாதோகுளோட்டிஸ் 100, 150. ஃபெலனாப்சிஸ் 500 முதல் 1000. வாண்டா 600க்கு மேல், பெரிய செடி என்றால் ஆயிரங்களில். நாற்று மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். ஆய்வகக் குடுவையிலிருந்து எடுத்த டெண்ட்ரோபிய நாற்று பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும், வாண்டாவுக்கு நான்கிலிருந்து ஆறு. முதல் செடிக்கு அவ்வளவு பொறுமை யாருக்கும் இருக்காது.

பூவை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள். செடியை மெல்ல ஆட்டினால் தொட்டியோடு சேர்ந்து ஆட வேண்டும், செடி மட்டும் தனியாக ஆடினால் உள்ளே வேர் இல்லை. டெண்ட்ரோபியத்தில் குறைந்தது மூன்று தண்டும், அடியில் ஒரு புது முளையும் இருக்க வேண்டும். தண்டைச் சுற்றியிருக்கும் காகிதம் போன்ற உறையை ஒரு கணுவில் விலக்கிப் பாருங்கள், மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் ஒளிந்திருப்பது அதன் அடியில்தான். இலையில் ஒழுங்கற்ற கறுப்புக் கோடுகளும் குழிகளும் இருந்தால் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, செடியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மூன்று மோசடிகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, ‘ஆர்க்கிட் விதை’ பாக்கெட். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், அதில் முளைக்குத் தேவையான உணவுச் சேமிப்பு கிடையாது. ஒரு பூஞ்சையின் துணையோ ஆய்வகக் கூழோ இல்லாமல் முளைக்காது. தொட்டியில் தூவினால் முளைக்கும் என்று விற்கப்படும் எதுவும் பொய். இரண்டு, ஆழ்ந்த நீல நிற ஃபெலனாப்சிஸ். அது காம்பில் ஏற்றிய சாயம், அடுத்த முறை வெள்ளையாகத்தான் பூக்கும். மூன்று, இணையத்தில் காட்டும் படத்தை நம்பி வாங்கும் வேரில்லாத செடி. வேர் தெரியும்படி படம் கேளுங்கள், தர மறுத்தால் வாங்காதீர்கள்.

வாங்க நல்ல காலம் ஆடி, ஆவணி அல்லது தை, மாசி. கத்திரி வெயிலில் கூரியரில் மூன்று நாள் அடைந்து கிடக்கும் செடி வெந்து வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாங்கினால் வேர் பிடிப்பதற்கு முன்பே அழுகல் முந்திக்கொள்ளும்.

5. காகிதங்கள்

உள்ளூர் நர்சரியிலோ வேறு மாநில நர்சரியிலோ வளர்ப்புச் செடி வாங்கினால் ரசீது போதும். அதில் செடியின் பெயர் எழுதச் சொல்லுங்கள். பெயர்ச் சீட்டு தொலைந்தால் பிறகு அது என்ன கலப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

தாய்லாந்து போய்வருகிறவர்கள் பெட்டியில் செடியைச் சுருட்டிக்கொண்டு வருவது சட்டப்படி தவறு. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவுக்குள் செடி வர, 2003ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி முன்கூட்டியே பெற்ற இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி செய்யும் நாடு தரும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். செடியை வாங்கிவிட்டு அனுமதி கேட்க முடியாது, அனுமதிதான் முதலில். இரண்டு மூன்று செடிக்காக இந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. அதே கலப்பினங்கள் இங்குள்ள நர்சரிகளிலேயே கிடைக்கின்றன.

காட்டில் மரத்தில் பார்த்ததைப் பிடுங்காதீர்கள். நீல வாண்டா, சிவப்பு வாண்டா, செருப்புப் பூ ஆர்க்கிட் ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. பட்டியலில் இல்லாததும் வனத்துறை நிலத்தில் இருந்தால் எடுக்கக் கூடாது. மலையோரச் சாலைகளில் கொத்துக் கொத்தாக விற்பதும் காட்டிலிருந்து பிய்த்ததாகவே இருக்கும். பிய்த்த இடத்தில் அது மறுபடி வளரப் பல ஆண்டுகள் ஆகும், உங்கள் வீட்டிலோ அநேகமாகப் பிழைக்காது. காட்டு வகைகளைப் பார்க்க ஆசை இருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவீட்டுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. இலங்கையில் இருப்பவர்களுக்குப் பேராதனைப் பூங்காவின் ஆர்க்கிட் இல்லம்.

6. இடம்

காலை வெயில் படும் கிழக்குப் பால்கனி சிறந்தது. மொட்டை மாடி என்றால் டெண்ட்ரோபியத்துக்கும் வாண்டாவுக்கும் 50 சதவீத நிழல்வலை, ஃபெலனாப்சிஸுக்கு 75 சதவீதம். சித்திரை, வைகாசியில் எல்லாவற்றுக்கும் 75 போடலாம். வலை செடியின் தலைக்குக் குறைந்தது மூன்றடி மேலே இருக்கட்டும், தாழக் கட்டினால் வெப்பம் கீழே தேங்கும்.

வெளிச்சம் போதுமா என்று இலையே சொல்லும். கரும்பச்சையாகத் தொங்கினால் வெளிச்சம் குறைவு, பூ வராது. இளம்பச்சையாக நிமிர்ந்திருந்தால் சரி. வெளுத்து மஞ்சளாகி, தொட்டால் சுட்டால் அதிகம். செடிகளைத் தரையில் வைக்காமல் தொங்கவிடுங்கள். சிமென்ட் தரையின் சூடு, நத்தை, தேங்கும் தண்ணீர் மூன்றிலிருந்தும் தப்பிக்கலாம்.

7. தொட்டியும் கரியும்

மண் வேண்டாம். மண்புழு உரம் வேண்டாம். தென்னைநார்த் தூள் கட்டாயம் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்து வேரை மூச்சடைக்க வைக்கும். ஸ்பாதோகுளோட்டிஸுக்கு மட்டுமே மணல் கலந்த மண்.

மற்றவற்றுக்கு அடுப்புக்கரியும் உடைந்த ஓடு அல்லது செங்கல் சில்லும் சம பங்கு. இரண்டும் நெல்லிக்காய் அளவில் இருக்கட்டும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து வரும் வேலிக்கருவைக் கரி கெட்டியானது, சீக்கிரம் பொடியாகாது. இஸ்திரிக் கடையில் கேட்டால் எங்கே வாங்குவது என்று சொல்வார்கள். அச்சில் அழுத்திய கரிக்கட்டிகளை வாங்காதீர்கள். கரியைக் கழுவி ஓர் இரவு ஊறவைத்துச் சாம்பலும் தூளும் போன பிறகு பயன்படுத்துங்கள். தேங்காய் மட்டைத் துண்டு சேர்க்க விரும்பினால் கால் பங்குக்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் தினமும் தண்ணீர் மாற்றி, தேநீர் நிறம் போகும்வரை ஊறவையுங்கள். அதுவும் இரண்டு ஆண்டுக்குள் மக்கிவிடும்.

தொட்டி சிறியதாக இருக்க வேண்டும். மூன்று நான்கு தண்டு டெண்ட்ரோபியத்துக்கு நான்கு அங்குலம் போதும். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை இருக்கும் மண்தொட்டி நல்லது. பெரிய தொட்டியின் நடுப்பகுதி காயவே காயாது, அழுகல் அங்கேதான் தொடங்கும்.

தொட்டி மாற்ற ஒரே ஒரு நல்ல நேரம் உண்டு. புது முளையின் அடியில் பச்சை நுனியோடு வேர் அரை அங்குலம் எட்டிப்பார்க்கும் வாரம். பூவோடு இருக்கும்போது மாற்றாதீர்கள். பழைய தொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து வேரை நெகிழ்த்துங்கள். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருப்பது நல்ல வேர். உறை உருவி வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் செத்த வேர், அதை வெட்டுங்கள். பிளேடை ஒவ்வொரு செடிக்கும் தீயில் காட்டுங்கள், இல்லையென்றால் புதுப் பிளேடு எடுங்கள். வைரஸ் பரவுவது கத்தரிக்கோல் வழியாகத்தான். பழைய தண்டு தொட்டியின் ஓரத்தை ஒட்டியும், புது முளை நடுவைப் பார்த்தும் இருக்கட்டும். அடிப்பாகத்தைப் புதைக்காமல் கரியின் மேல் உட்காரவையுங்கள். கடைசியாக ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். காற்றில் செடி ஆடினால் புது வேரின் நுனி கரியில் உரசி நின்றுவிடும். கட்டாமல் விட்டதால் மட்டும் ஆறு மாதம் வேரே பிடிக்காத செடிகள் நிறைய.

வாண்டாவுக்குத் தொட்டியும் வேண்டாம், கரியும் வேண்டாம். வெறும் மரக்கூடையோ பிளாஸ்டிக் கூடையோ போதும், வேர் காற்றில் தொங்கட்டும்.

முதல் செலவுக் கணக்கு: இரண்டு டெண்ட்ரோபியம், தொட்டிகள், கரி, தெளிப்பான், உரம் எல்லாம் சேர்ந்து ரூ.1500க்குள் முடிக்கலாம். நிழல்வலை தனி.

8. தண்ணீர்

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்காதீர்கள், வேரைப் பாருங்கள். வெள்ளியாகிவிட்டதா, ஊற்றுங்கள். இன்னும் பச்சையாக இருக்கிறதா, விடுங்கள். கரித்தொட்டி டெண்ட்ரோபியத்துக்கு இது கோடையில் தினமும், மற்ற நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாளும் என்று வரும். வாண்டாவுக்கு நாளுக்கு ஒருமுறை, கோடையில் இருமுறை.

ஊற்றும் முறையும் முக்கியம். முதல் முறை நனைத்தால் மேலோட்டமாகத்தான் ஈரமாகும், மிச்சம் வழிந்துவிடும். பத்து நிமிடம் விட்டு மறுபடி நனையுங்கள். இப்போது வேர் முழுவதும் ஒரே பச்சையாக மாறும். வாண்டா வளர்ப்பில் பாதித் தோல்வி இந்த இரண்டாவது நனைப்பு இல்லாததால் வருவது. இலை மடிந்து சுருங்கிய பிறகு அரை மணி நேரம் வாளியில் முக்கி வைத்தால் தேறும், ஆனால் அது தினசரி வழக்கமாகக் கூடாது.

காலையில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றிய தண்ணீர் ஃபெலனாப்சிஸின் குருத்தில் இரவெல்லாம் தேங்கினால் குருத்து அழுகும், ஒற்றைத் தண்டு வகையில் குருத்து போனால் செடியே போன மாதிரிதான்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கவனம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கி வையுங்கள். 200க்குள் இருந்தால் நல்லது. 500ஐத் தாண்டினால் வேர் நுனி கறுகும், கரியின் மேல் வெள்ளைப் படலம் படியும். மழைநீர் பிடித்து வைத்தாலோ, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோடு கலந்தாலோ சமாளிக்கலாம். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

9. உரம்

தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் 19:19:19 உரம், லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் வேண்டாம், வாரம் ஒருமுறை தெளியுங்கள். வேர் நனைந்திருக்கும்போது தெளிக்க வேண்டும், காய்ந்த வேரில் பட்டால் கருகும். கால்சியம் நைட்ரேட் கொடுப்பதானால் வேறொரு நாளில் தனியாகக் கொடுங்கள், 19:19:19 உடன் கலந்தால் வாளியடியில் வெள்ளையாகத் திரிந்துவிடும். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவுங்கள். புதிதாகத் தொட்டி மாற்றிய செடிக்கு மூன்று வாரம் உரம் வேண்டாம்.

10. அடைமழையும் பூச்சியும்

வடகிழக்குப் பருவமழைதான் உண்மையான பரீட்சை. மூன்று நாள் தொடர்ந்து நனையும் என்று தெரிந்தால் செடிகளைக் கூரைக்கு அடியில் மாற்றுங்கள், இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். இலையில் நீர் கோத்த மாதிரிப் புள்ளி தோன்றி ஒரே நாளில் பரவி நாறினால் அது பாக்டீரியா. பூஞ்சைமருந்து அதற்கு வேலை செய்யாது. நல்ல பாகம் ஓர் அங்குலம் சேர்த்து வெட்டி எறிந்து, செடியைச் சில நாள் காயவிடுங்கள். அடித்தண்டு கறுத்து மேலேறினால் அது கருப்பழுகல். வெட்டிவிட்டு மெட்டலாக்சில், மேன்கோசெப் கலந்த மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துத் தெளியுங்கள். கடைக்காரர் பொதுவாக எடுத்துத் தரும் கார்பண்டசிம் கலவையில் இந்த நோய் கட்டுப்படாது, பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தாமிர மருந்துகளை டெண்ட்ரோபியத்தில் அடிக்காதீர்கள், இலை கருகி உதிரும்.

வெட்டுக்காயத்தில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைப் பொடி தடவலாம். நல்ல வேரில் பட்டால் அதையும் காயவைத்துவிடும், காயத்தோடு நிறுத்துங்கள்.

மொட்டில் எறும்பு ஊர்ந்தால் பதற வேண்டாம், மொட்டு சுரக்கும் தித்திப்புக்காக வருகிறது. ஆனால் எறும்பு வரும் வழியில் மாவுப்பூச்சியும் வரும், கணுக்களைப் பாருங்கள். இருந்தால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்த தூரிகையால் துடையுங்கள். பிறகு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, இரண்டு சொட்டு சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். பூத்த செடியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பழம் பழுக்கும்போது வரும் வாயுவில் மொட்டு மொத்தமாக உதிரும்.

11. பூத்து முடிந்த பிறகு

டெண்ட்ரோபியத்தில் பூ உதிர்ந்ததும் காய்ந்த பூங்காம்பை மட்டும் வெட்டுங்கள். இலை உதிர்ந்த பழைய தண்டு அசிங்கமாகத் தெரியும், கை வெட்டத் துடிக்கும். வெட்டாதீர்கள். அடுத்த முளைக்கான சாப்பாடு அதில்தான் இருக்கிறது, அதே தண்டு மறுபடி பூப்பதும் உண்டு. முழுவதும் சுருங்கிப் பழுப்பாகி உள்ளே காலியான பிறகுதான் எடுக்க வேண்டும்.

புது முளை முழுத் தண்டாக முற்ற ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆகும். அதற்குள் பழைய தண்டின் கணுவிலிருந்து குட்டிச் செடி ஒன்று கிளம்பலாம். அடிக்கடி கிளம்பினால் அடிவேர் கெட்டிருக்கிறதா என்று தொட்டியைப் பிரித்துப் பாருங்கள். குட்டியின் வேர்களில் குறைந்தது மூன்று இரண்டு அங்குல நீளம் வரும்வரை தாயோடு விட்டு, பிறகு கணுவோடு சேர்த்து வெட்டி, இரண்டு அங்குலத் தொட்டியில் வெறும் கரியில் கட்டி வையுங்கள்.